வெடிப்பலாவும் ஒரு கிழட்டு ஜெனரலும்

எங்கள் வீட்டு மச்சில் ஒரு மரப்பெட்டி கிடந்தது. அயனிப் பலகையில் செய்தது. பாட்டியின் பாட்டி கல்யாணமாகி வரும்போது கொண்டுவந்தது என்று சொல்வார்கள். நான் பார்க்கும்போது அதன் அடிப்பலகையைச் செதல் தின்று முடித்திருந்தது. பக்கப் பலகைகள் நான்கும் அப்படியே இருந்தன. மூலைகளில் ஆணியே கிடையாது, கைவிரல்களைக் கோத்ததுபோல மரத்தோடு மரம் கடித்து நின்றது.

சரிசெய்யக் கொண்டுபோனது எங்கள் ஊர் மூத்தாசாரியிடம். அடிக்குப் போடட்டும் என்று நானே ஒரு பலகையையும் எடுத்துப் போயிருந்தேன். பழைய தேயிலைப் பெட்டி ஒன்றைப் பிரித்தபோது கிடைத்தது. வெளுத்த நிறம், கனமில்லை, பார்வைக்குச் சுத்தமாக இருந்தது. மூத்தாசாரி அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். நகத்தால் கீறினார். விரல் கணுவால் தட்டி ஓசை கேட்டார்.

"மலைமரம். வெடிப்பலா. இதுக்கு ஒறப்பு கெடையாது மக்களே. அயனிக்குப் பக்கத்துல இத வச்சா அயனி சிரிக்கும்."

"பொறவு இத வச்சு என்னதான் செய்வாங்க?"

"பெட்டி அடிப்பாங்க. சாமான் போய்ச் சேருறவரைக்கும் நின்னா போதும்லா. அதுக்கப்பொறம் அடுப்பு."

மரங்களுக்கு அவரிடம் ஒரு வரிசை உண்டு. தேக்கை எல்லாரும் சொல்வார்கள் என்பதால் அவர் அதைச் சொல்ல மாட்டார். கழுக்கோலுக்கும் கதவுக்கும் அயனி. தூணுக்கும் பூசைக்குரிய பொருட்களுக்கும் பிலா. இழைத்து முடித்த அன்று மஞ்சளாக இருப்பது வருஷம் போகப்போகத் தேன் நிறம் ஆகும். வேங்கை தண்ணீர் பட்டால் சாயம் விடும். பூவரசு வளையும், வெடிக்காது. புன்னை வள்ளத்துக்கு. இந்த வரிசையில் வெடிப்பலாவுக்கு இடமே கிடையாது. அன்று முதல்முறையாக அந்தப் பெயரைக் கேட்டேன். பெயர் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து தேடினால் அதன் அறிவியல் பெயர் கல்லேனியா எக்ஸாரிலாட்டா என்று வந்தது. கல்லேனியா என்றால்? ஜெனரல் வில்லியம் கல்லன். மதராஸ் பீரங்கிப் படையில் இருந்தவர். திருவிதாங்கூரில் 20 வருஷம் ஆங்கிலேய ரெசிடென்ட்.

திருவிதாங்கூர் என்றால் அன்று நாங்களும்தான். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 வரைக்கும் அந்தப் பக்கம்.

*

எங்கள் மாவட்டம் வெள்ளைக்காரர்களைச் சட்டென்று மறந்துவிடுகிற இடம் இல்லை. புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் டி லனாய் படுத்திருக்கிறார். குளச்சலில் 1741-ல் தோற்றுப் பிடிபட்ட டச்சுக் கம்பெனிக்காரர், அதே மார்த்தாண்ட வர்மாவின் படைக்கு வலிய கப்பித்தான் ஆகி, 1777-ல் இங்கேயே செத்தார். கல்லறையில் லத்தீனும் உண்டு, தமிழும் உண்டு. பேச்சிப்பாறையில் அணை கட்டிய மிஞ்சினுக்குக் கல்லறை இருக்கிறது. மயிலாடியில் ரிங்கல்தௌபேயைப் பற்றிக் கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் 20 வருஷம் இந்த நாட்டின் மன்னரையே ஆட்டிவைத்த கல்லனைப் பற்றி நாகர்கோவிலில் யாரிடமும் கேட்டுப் பாருங்கள். கல்லும் கிடையாது, தெருவும் கிடையாது. இருப்பது ஒரு மரம். அதுவும் எங்கள் ஆசாரி ஒதுக்கித் தள்ளிய மரம்.

அந்த மரத்தைப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். எங்கள் மாவட்டத்தின் மலை முகட்டில் முத்துக்குழிவயல் என்று ஒரு இடம் உண்டு. நாங்கள் குடிக்கும் கோதையாற்றுத் தண்ணீர் பிறக்கிற பகுதி. நம் ஊர் மலைதானே என்று நேராக ஏறிப் போய்விட முடியாது. திருநெல்வேலிப் பக்கம் சுற்றி, மாஞ்சோலை, காக்காச்சி வழியாக மேல்கோதையாற்றுக்குப் போக வேண்டும். வனத்துறை அனுமதி வேண்டும். தாவரவியல் படித்த நண்பன் ஒருவன் வாங்கித் தந்தான், கூடவே வந்தான்.

பங்குனி மாதம். காட்டுக்குள் நுழைந்து கொஞ்ச தூரத்தில் தரையெல்லாம் பழுப்பும் வெண்மஞ்சளுமாகப் பூ உதிர்ந்து கிடந்தது. பூ என்று சொன்னால்தான் பூ. இதழே இல்லை. தடித்த குழல் ஒன்று, உள்ளே மகரந்தத்தாள்கள். அண்ணாந்து பார்த்தால் 30 மீட்டருக்குக் குறையாத மரம். பூ கிளை நுனியில் இல்லை, பலாவில் காய் பிடிப்பதுபோலக் கிளையின் உடம்பிலேயே கொத்துக்கொத்தாக ஒட்டியிருந்தது. இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் முழுக்கச் செதில் செதிலாக ஒரு மினுக்கம். காற்று அடிக்கும்போது மரம் முழுக்க நிறம் மாறித் திரும்புகிறது.

"துரியன் பழத்துக்குச் சொந்தக்காரன்" என்றான் நண்பன். காயும் அப்படித்தான், உடம்பெல்லாம் முள். முற்றினால் வெடித்துத் திறக்கும், அதனால் வெடிப்பலா. துரியனில் நாம் தின்பது விதையைச் சுற்றியிருக்கும் சதையை. இதில் அந்தச் சதை இல்லை. எக்ஸாரிலாட்டா என்ற பெயருக்கே 'விதையுறை அற்றது' என்றுதான் அர்த்தம். மனிதனுக்குத் தர அதனிடம் ஒன்றுமில்லை. நல்ல மரப்பலகை இல்லை, தின்னப் பழமும் இல்லை.

ஆனால் காட்டுக்கு அது இல்லாமல் ஆகாது. அகத்தியமலைப் பகுதியில் ஏறக்குறைய 700 மீட்டர் முதல் 1400 மீட்டர் உயரம்வரை இருக்கும் மழைக்காட்டுக்குத் தாவரவியலாளர்கள் வைத்திருக்கும் பெயரே வெடிப்பலா, நாங்கு, பாலி என்ற மூன்று மரங்களின் பெயர்தான். சோலைமந்தி முள்ளுக்காயைப் பிய்த்து விதையைத் தின்னும். மற்ற பழங்கள் இல்லாத மாதங்களில் இந்தப் பூவின் தடித்த குழலைத் தின்றுதான் கருமந்தியும் மலையணிலும் வௌவாலும் காலத்தை ஓட்டுகின்றன. இதைக் காக்காச்சிக் காட்டில் வருஷக்கணக்கில் உட்கார்ந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். நாங்கள் நின்றிருந்தபோதே மேலே ஒரு கருமந்திக் கூட்டம் பூவைத் தின்று எச்சிலைக் கீழே போட்டுக்கொண்டிருந்தது. ஒன்று என் தலையில் விழுந்தது.

*

கல்லன் பிறந்தது 1785-ல். இளம்வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் பீரங்கிப் படைக்கு வந்தவர். பீரங்கிக்காரனுக்குக் கணக்குத் தெரிய வேண்டும், தூரம் அளக்கத் தெரிய வேண்டும், தரையின் மேடுபள்ளம் புரிய வேண்டும். கல்லனுக்கு அந்தப் பழக்கம் போருக்கு வெளியிலும் ஒட்டிக்கொண்டது. 1822-ல் மதராஸிலிருந்து பெல்லாரிக்குப் போன வழி நெடுக என்னென்ன பாறை இருக்கிறது என்று பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். வெயில் காலத்தில், ஏப்ரல் மே மாதத்தில் போன பயணம் அது. மற்ற அதிகாரிகள் பல்லக்கில் துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு தூங்கியிருப்பார்கள். இவர் இறங்கி இறங்கிக் கல்லைப் பார்த்திருக்கிறார். (திருவிதாங்கூரில் அவர் பெயரை எழுதும்போது ல வந்தது பொருத்தம். ள போட்டிருந்தாலும் பொருத்தமே என்று சொல்ல அன்று அரண்மனையில் ஆளிருந்திருக்கும். அது பின்னால்.)

1840-ல் திருவிதாங்கூர், கொச்சி இரண்டுக்கும் ரெசிடென்டாக வந்து சேர்ந்தார். வயது 55. அந்தக் காலத்துக்கு அது பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்புகிற வயது. கல்லன் திரும்பவே இல்லை. 1860-ல் பதவி முடிந்த பிறகும் இங்கிலாந்துக்குப் போகவில்லை. ஆலப்புழையில் இருந்தார். 1862 அக்டோபரில் அங்கேயே செத்தார்.

இந்த நாட்டில் அவரைக் கட்டிப்போட்டது எது என்று கேட்டால், மலைதான் என்று நான் நினைக்கிறேன். ஆதாரம் மழைக் கணக்கு. கன்னியாகுமரி முனையிலிருந்து கடற்கரை வழியாக வடக்கே கொச்சிவரை, அப்புறம் கடற்கரையிலிருந்து மலை உச்சிவரை, பல இடங்களில் மழைமானி வைத்துக் குறிக்கச் செய்தார். கர்னல் சைக்ஸ் என்பவர் இந்தியாவின் வானிலைக் குறிப்புகளைத் திரட்டி 1850-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளியிட்டபோது கல்லனின் கணக்குகளைப் பயன்படுத்தினார். உத்தரமலை, ஆங்கில ஏடுகளில் உட்ரே முல்லே, சுமார் 4500 அடி உயரம். அங்கே வருஷத்துக்கு 260 அங்குலத்துக்கு மேல் மழை. தெற்கே கன்னியாகுமரி முனையில் ஏறக்குறைய 30 அங்குலம். ஒரே மலைத்தொடர் சரிந்து சரிந்து கடலில் போய் முடிவதற்குள் மழை ஒன்பதில் ஒன்றாகிவிடுகிறது.

எங்கள் ஊர்க்காரனுக்கு இதைப் படித்ததும் உடம்பு சிலிர்க்கும். நாங்கள் உடம்பால் அறிந்த விஷயம் இது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று மட்டும் வரும், மழை வராது. குலசேகரத்தில் குடை இல்லாமல் வெளியே போக முடியாது. ஒரு மணிநேரப் பஸ் பயணத்தில் ரப்பர் தோட்டம் பனங்காடாக மாறிவிடும். இதை முதலில் எண்ணாக மாற்றி எழுதிவைத்தவர்களில் கல்லன் ஒருவர். ஒரே ஆள் ஒரே காலையில் முனையிலும் நிற்க முடியாது, 4500 அடி உயரத்திலும் நிற்க முடியாது. அட்டை கடிக்க அந்த மலையில் குடிசை போட்டு உட்கார்ந்து, ஜாடித் தண்ணீரை அளந்து குறித்த கை யாருடையதோ. ஏட்டில் இருப்பது ஜெனரலின் பெயர்.

திருவனந்தபுரத்தில் அப்போது அறிவியலுக்கு ஒரு நல்ல காலம். 1837-ல் சுவாதித் திருநாள் வானாய்வு நிலையம் தொடங்கியிருந்தார். ஜான் கால்டிகாட் அதன் இயக்குநர். 1852-ல் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் ஆலன் புரூன் வந்தார். 1855-ல் அவர் அகத்தியமலையில் 6000 அடிக்கு மேல் இன்னொரு ஆய்வு நிலையத்தையே கட்டினார். சாமான் முழுக்க ஆள்சுமையாக ஏறியது. அதே வருஷம் அருங்காட்சியகத்துக்காக ஒரு சங்கம் அமைந்தது. மன்னர் புரவலர், கல்லன் தலைவர், புரூன் செயலாளர். யோசனை கல்லனுடையது. அவர் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த பாறைகளும் கனிமங்களுமே அதன் முதல் இருப்பு. 1857-ல் மக்களுக்குத் திறந்தார்கள். இன்று நேப்பியர் மியூசியம் என்று நாம் டிக்கெட் எடுத்துப் பார்க்கும் கட்டடம் பிற்பாடு சிஸம் கட்டியது. நேப்பியர் மதராஸ் கவர்னராக இருந்தவர். கல் சேர்த்தவர் பெயர் போய் கவர்னர் பெயர் நின்றது. கல்லனுக்காக நான் வருத்தப்படுகிற ஒரே இடம் இதுதான்.

*

மரத்துக்குப் பெயர் வைத்தவர் ராபர்ட் வைட். கம்பெனியின் மருத்துவர், தாவரவியலாளர். தென்னிந்தியத் தாவரங்களைப் படத்தோடு வெளியிட்ட அவருடைய ஆறு தொகுதிகளில் 2000-க்கும் மேற்பட்ட படங்கள் உண்டு. ஐந்தாவது தொகுதியில், 1850-களின் தொடக்கத்தில், ஒரு புதிய பேரினம் வருகிறது. அதற்கு நண்பரின் பெயரை வைத்தார்: கல்லேனியா. அன்றைய தாவரவியலில் இது வழக்கமான மரியாதை. மாதிரி அனுப்பியவருக்கு, உதவிய அதிகாரிக்கு, ஒரு செடியைப் பரிசாகக் கொடுப்பது.

வைட்டின் படங்களை வரைந்தவர்கள் இரண்டு பேர். முதலில் ரங்கையா, பிறகு கோவிந்து. பிற்காலத் தொகுதிகளில் கோவிந்துவின் கைதான் அதிகம். வைட் மற்றவர்களைப்போல இல்லை, ஓவியர் பெயரைப் படத்தின் கீழே போட்டார். அதோடு நிற்காமல் 1853-ல் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துயா என்று பெயரே வைத்தார். இந்தியர் ஒருவரின், அதுவும் கூலிக்கு வரைந்தவரின் பெயரை அப்படி வைத்தது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். ஆனால் பின்னால் வந்தவர்கள் அந்த ஆர்க்கிட் ஏற்கெனவே டிராபிடியா என்று பெயரிடப்பட்ட பேரினத்தைச் சேர்ந்தது என்று கண்டார்கள். பழைய பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. கோவிந்துயா அழிந்தது. கல்லேனியா நின்றது. 1970-ல் ராபின்ஸ் என்ற தாவரவியலாளர் நம் பக்கத்து மரத்துக்கு எக்ஸாரிலாட்டா என்று இரண்டாம் பெயரை மாற்றி வைத்தபோதும் முன்பெயரை யாரும் தொடவில்லை.

இதில் யார் சதியும் இல்லை. விதிப்படி நடந்தது. இருந்தும் மனசு கேட்கவில்லை. பத்மநாபபுரம் அரண்மனை தாய்க்கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய ஒரு தூண் நிற்கிறது. அதை முதன்முதலில் எனக்குக் காட்டியவர் மூத்தாசாரிதான். கைடு ராஜாக்களின் பெயரை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். மூத்தாசாரி தூணைப் பின்பக்கம் சுற்றிப்போய் அடியில் எதையோ தேடினார். "செஞ்சவன் பேரு எழுதியிருக்கான்னு பாத்தேன்" என்றார். இல்லை.

*

இனி பெட்டிக்கு வருகிறேன்.

எங்கள் பாட்டியின் பாட்டி அதில் வைத்திருந்தது ஒரு குப்பாயம். கோயிலுக்குப் போகும்போது மட்டும் போடுவது. இங்கே கோயில் என்றால் சர்ச். போட்டுக்கொண்டு தெருவில் நடக்க முடியாது, பெட்டிக்குள் வைத்துத் துணியில் சுருட்டி எடுத்துப்போய், வாசலில் போட்டுக்கொண்டு, திரும்பும்போது கழற்றி எடுத்து வருவாளாம். பாட்டி இதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். சின்ன வயதில் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

தோள்சீலைக் கலகத்தைப் பற்றி நிறைய எழுதியாயிற்று, சுருக்கமாகச் சொல்கிறேன். சாணார் பெண்கள் மார்பை மூடக் கூடாது என்பது நாட்டு வழக்கம். 1810-களில் ரெசிடென்டாக இருந்த மன்றோ காலத்தில், கிறிஸ்தவரான பெண்கள் குப்பாயம் போடலாம் என்று உத்தரவு வந்தது. 1820-களில் கல்குளம், இரணியல் பக்கம் அடிதடி. 1829-ல் ராணி கௌரி பார்வதி பாயின் அறிக்கை: குப்பாயம் போடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள்போலத் தோள்சீலை போடக் கூடாது. 1858 கடைசியில் மறுபடியும் பற்றிக்கொண்டது. கோட்டாற்றிலும் சுற்றியிருந்த ஊர்களிலும் பெண்களின் துணி கிழிந்தது, வீடுகள் சூறையாயின, ஜெபவீடுகள் எரிந்தன.

அப்போது ரெசிடென்ட் கல்லன்.

அவரைப் பற்றி லண்டன் மிஷனரிகளுக்கு ஏற்கெனவே பெரிய மனக்குறை. மன்றோ காலத்தைப்போல ரெசிடென்ட் தங்கள் பக்கம் நிற்பார் என்று எதிர்பார்த்தவர்கள், இவர் அரண்மனை அதிகாரிகளின் கண்ணால் நாட்டைப் பார்க்கிறார் என்று கண்டார்கள். 1855-ல் திருவிதாங்கூர் நிர்வாகத்தை விசாரிக்கக் கமிஷன் வேண்டும் என்று மதராஸுக்கு மனுப் போட்டார்கள். நடக்கவில்லை. 1859-ல் கலவரம் நடந்தபோது கல்லனிடமிருந்து அவர்கள் கேட்ட பாதுகாப்பு கிடைக்கவில்லை. அந்த வருஷம் மதராஸுக்குப் புதிதாக வந்த கவர்னர் சார்லஸ் ட்ரெவெலியன் கல்லனுக்குக் கடுமையாக எழுதிய பிறகே விஷயம் நகர்ந்தது. 1859 ஜூலை 26-ல் மன்னர் உத்திரம் திருநாளின் அறிக்கை வந்தது. சாணார் பெண்கள் எல்லாரும் குப்பாயம் போடலாம், முக்குவத்திகள்போல முரட்டுத்துணி கட்டலாம், வேறு எப்படி வேண்டுமானாலும் மூடலாம், மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி மட்டும் கூடாது. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கடைசி வாக்கியத்தில் எனக்குக் கை நின்றுவிடும்.

கல்லனுக்கு வக்காலத்து வாங்க ஒன்றிரண்டு விஷயம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 1855 ஜூன் 24-ல் திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது. மன்னரை மதராஸ் அரசு வற்புறுத்தியது கல்லன் வழியாகத்தான். சமஸ்தானத்தின் உள்விவகாரத்தில் கம்பெனி மூக்கை நுழைக்கக் கூடாது என்பது அவர் நிலைப்பாடு என்றும் வாதிடலாம். ஆனால் அந்த வாதம் நிற்காது. இதே கல்லன் சுவாதித் திருநாளின் விவகாரங்களில் மூக்கை மட்டுமா நுழைத்தார்? தன் ஆளான கிருஷ்ண ராவை உள்ளே கொண்டுவந்து, மன்னரின் அதிகாரத்தைப் பிடுங்கி, இசையிலும் கணிதத்திலும் வானியலிலும் ஊறிய அந்த மனிதரை மூலையில் உட்கார வைத்தார். 1846-ல், 33 வயதில் சுவாதி போய்ச் சேர்ந்தார். மன்னருக்கும் ஜெனரலுக்கும் பொதுவாக இருந்தது வானமும் காற்றும் பற்றிய ஆசை. இரண்டு பேரும் ஒரே தொலைநோக்கி வழியாகப் பார்க்கக்கூடியவர்கள். அது எதற்கும் உதவவில்லை. தலையிட விரும்பிய இடத்தில் கல்லன் தலையிட்டார்.

கன்னியாகுமரி முனையிலிருந்து கோட்டாற்றுக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். முனையில் விழுந்த மழை எத்தனை அங்குலம் என்று அவருக்குத் தெரியும். மலையில் எந்த உயரத்தில் எந்தக் காடு தொடங்குகிறது என்று தெரியும். ஆராயும் கண் உள்ள மனிதர். இந்த மலைக்கும் அந்த முனைக்கும் நடுவே தலையில் கூடையும் கையில் சுருட்டிய துணியுமாக நடந்துபோன பெண்ணும் அந்தக் கண்ணில் பட்டிருப்பாள். அவளை அவர் நிலத்தோடு சேர்த்து, அதன் இயல்பாகவே பார்த்துவிட்டார் என்று தோன்றுகிறது. பாறை இப்படி, மழை இப்படி, இங்கே இந்தச் சாதிப் பெண்களின் உடை இப்படி. நிலத்தை நேசிக்கிறவர்களுக்கு வருகிற ஒரு வியாதி இது. எனக்கும் வரும். முத்துக்குழிவயலில் நின்றுகொண்டிருந்த அரைநாளில், எங்கள் சாமானைச் சுமந்துவந்த காணிக்காரரின் பெயரை நான் கேட்கவே இல்லை. இறங்கிவந்து ஜீப்பில் ஏறும்போதுதான் உறைத்தது. அதற்குள் அவர் போய்விட்டார்.

அப்படியானால் கல்லேனியா என்ற பெயரை என்ன செய்வது? இப்போது உலகமெங்கும் தாவரப் பெயர்களில் இருக்கும் காலனிக்காரர்களை நீக்க வேண்டும் என்று பேச்சு நடக்கிறது. எனக்கு அதில் பெரிய ஆர்வம் வரவில்லை. இந்த மரத்துக்கு நம்மிடம் எப்போதும் ஒரு பெயர் இருந்தது. பெயரில் காய் வெடிக்கும் ஓசை இருக்கிறது. கல்லன் என்ற பெயரை எடுத்துவிட்டால் கல்லனைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள், நானும் கேட்டிருக்க மாட்டேன், அப்போது அவர் சுலபமாகத் தப்பித்துவிடுவார். இருக்கட்டும் என்றே நினைக்கிறேன். மரம் நல்ல மரம். அவருக்குப் பிடித்திருந்த இடத்திலேயே நிற்கிறது.

*

பெட்டியைத் திரும்ப வாங்கப் போனபோது இதையெல்லாம் மூத்தாசாரியிடம் சொன்னேன். அவர் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். எங்கே சிரிப்பார் என்று எதிர்பார்த்தேனோ அங்கே சிரிக்கவில்லை.

"பட்டாளக்காரரா?"

"ஆமா. பீரங்கிப்பட. பாறை, மரம், மழைன்னு எல்லாத்தையும் பாத்து எழுதி வச்சவரு."

"அப்ப பாதி ஆசாரிலா." கொஞ்சநேரம் சும்மா இருந்தார். "பெட்டிக்குள்ள இருந்த குப்பாயம் எங்க?"

"அது எப்பமோ போச்சு. இத்துப்போய் எரிச்சிருப்பாங்க."

பெட்டியைத் திறந்து காட்டினார். அடிப்பலகை புதிய அயனி. பழைய பலகைகளோடு நிறம் சேரவில்லை, மஞ்சளாக இருந்தது. பத்து வருஷம் போனால் சேர்ந்துவிடும் என்றார். நான் கொண்டுபோன வெடிப்பலாப் பலகையையும் அவர் வீணாக்கவில்லை. இழைத்து, மெல்லிசாக்கி, உள்ளே கழற்றி எடுக்கிற மாதிரி ஒரு தட்டுப் போட்டிருந்தார்.

"துணி வைக்கலாம். கனம் வச்சிராதீங்க."

கூலி சொன்னார். கொடுத்தேன். அவர் பெட்டியைச் சாய்த்துப் பிடிக்க, நான் அடியில் குனிந்து பார்த்தேன். புது அயனியில் ஒரு ஓரத்தில், பென்சிலில், அவருடைய பெயரும் தேதியும் எழுதியிருந்தது.